மருத்துவர் பதில்கள்: ஆம்புலன்ஸ் பெட்டியில் உள்ள மருந்துகள்

108 ஆம்புலன்ஸில் என்னென்ன மருந்துகள் இருக்கும் என்று ஒரு வாசகர் கேட்டதற்குச் சென்ற மாதம் நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, “அந்த மருந்தை ஏன் கொடுத்தார், இந்த மருந்தை ஏன் கொடுக்கவில்லை” என்று கேட்டிருந்தன. பட்டியலைவிட இந்தக் கேள்வி பயனுள்ளது என்பதால் இந்த மாதப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஊர்ப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எழுபது வயதான என் தந்தைக்கு அதிகாலையில் நெஞ்சுவலி வந்தது. வாயுத் தொல்லை என்று எண்ணி முதலில் சோடா கொடுத்தோம். பிறகு வந்த ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் பிரஷர் பார்த்து, 84 தான் இருக்கிறது என்றார். ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னவர், வீட்டில் தயாராக இருந்த சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்க விடவில்லை. இதய நோயாளிக்கு அதுதானே முதல் மருந்து?
– வாசகர், கோவில்பட்டி

அவர் செய்த இரண்டும் சரி. இரண்டு மாத்திரைகளையும் இதய மாத்திரை என்றே நாம் அழைத்தாலும், அவை செய்யும் வேலை முற்றிலும் வேறு.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து, அந்தப் புண்ணின்மேல் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டியாகும்போது மாரடைப்பு வருகிறது. ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு தட்டணுவும், அக்கம்பக்கத்துத் தட்டணுக்களைக் கூப்பிடுவதற்காகத் திராம்பாக்ஸேன் என்ற பொருளைச் சுரக்கிறது. அதைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடும். மற்ற உயிரணுக்களாக இருந்தால் புதிய நொதியைச் செய்துகொண்டுவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால், ஏறத்தாழ பத்து நாள் நீளும் அதன் ஆயுள் முடியும்வரை அது ஊமையாகவே இருக்கும். உறைந்த கட்டியை ஆஸ்பிரின் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் பார்த்துக்கொள்கிறது.

மெல்லச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நம் ஊரில் அதிகம் விற்கும் எகோஸ்பிரின் போன்ற மாத்திரைகள், வயிற்றைப் புண்ணாக்காமல் குடலுக்குப் போய்க் கரையும்படி மேல்பூச்சு பூசப்பட்டவை. தினமும் சாப்பிடுபவருக்கு அந்தப் பூச்சு நல்லது. மாரடைப்பின்போது அதுவே தடையாகிறது. சாதாரண ஆஸ்பிரினை முழுதாக விழுங்கினால் பன்னிரண்டு நிமிடம் ஆகும் வேலை, மென்றால் ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடுகிறது. 1988இல் வெளிவந்த ‘ஐசிஸ்–2’ என்ற ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஆஸ்பிரின் பெறாதவர்களில் 11.8 சதவீதத்தினரும் பெற்றவர்களில் 9.4 சதவீதத்தினரும் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தார்கள். சில காசு விலையுள்ள ஒரு மாத்திரைக்கு இது அசாதாரணமான பலன். தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஒரே வேளையில் கொடுக்கப்படும் 14 மாத்திரைகளில் ஆஸ்பிரின் இரண்டு. மற்றவை, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் எட்டு. இவ்வளவு மாத்திரையா என்று யாரும் பயப்பட வேண்டாம். சிறு அளவு மாத்திரைகளை எண்ணிக்கையில் கூட்டி முழு அளவாக்குகிறார்கள், அவ்வளவுதான்.

சார்பிட்ரேட்டின் கதை வேறு. நாக்குக்கு அடியில் கரைந்து, கல்லீரல் வழியாகப் போகாமல் நேரே ரத்தத்தில் கலந்து, அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறுகிறது. அந்த வாயு ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. தமனிகளைவிடச் சிரைகள் அதிகம் விரிவதால், கால்களிலும் வயிற்றிலும் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது; சுமை குறைந்த இதயத்துக்கு வலியும் குறைகிறது. ஆனால் வலி குறைவதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல. மாரடைப்பில் இந்த வகை மாத்திரை இறப்பைக் குறைப்பதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் தந்தையின் ரத்த அழுத்தம் ஏற்கெனவே 90க்குக் கீழே இருந்தது. இதயத்தின் வலப்பக்க அறை பாதிக்கப்பட்டால் இப்படி ஆவதுண்டு; அந்த அறை, திரும்பி வரும் ரத்தத்தை நம்பியே ஓடிக்கொண்டிருக்கும். அப்படித் திரும்பி வரும் ரத்தத்தையும் குறைத்திருந்தால் உங்கள் தந்தை மயங்கிச் சரிந்திருப்பார். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையை 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவருக்கும் இதே ஆபத்து உண்டு. மருத்துவ உதவியாளர் அதைக் கேட்கும்போது பிள்ளைகள் கூச்சப்பட்டு அறையை விட்டு வெளியே போவதையும், தந்தை தலையாட்டி மறுப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்.

சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. சோடா கெடுதல் செய்யவில்லை. அது ஏப்பமாக வெளியே வருகிறதா என்று காத்திருந்த நேரம்தான் கெடுதல் செய்தது.

தென்னந்தோப்பில் கதண்டுக் குளவி கொட்டி என் கணவர் மயங்கி விழுந்தார். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸில் வந்தவர் பேண்ட்டோடு சேர்த்துத் தொடையில் ஊசி போட்டார். ஊசியை இடுப்பில்தானே போடுவார்கள்? பின்னர் அது அட்ரினலின் என்றார்கள். இதயம் நின்றவருக்குப் போடும் ஊசியும் அதுதான் என்று இணையத்தில் படித்துப் பயந்துபோனேன்.
– வாசகி, பட்டுக்கோட்டை

பயப்பட வேண்டாம். உங்கள் கணவருக்கு அந்த நேரத்தில் வேலை செய்யக்கூடிய மருந்து அது ஒன்றுதான்.

கடுமையான ஒவ்வாமையில் உடலின் காவல் அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர்கள் சல்லடையாகி, பத்து நிமிடத்துக்குள் ரத்தக் குழாய்களில் உள்ள திரவத்தில் மூன்றில் ஒரு பங்குவரை திசுக்களுக்குள் கசிந்துவிடக்கூடும். ஒரு சொட்டு ரத்தம் வெளியே சிந்தாமலே, ரத்தம் இழந்தவரின் நிலைக்கு நோயாளி வந்துவிடுகிறார். மூச்சுக் குழல்கள் இறுகுவது இன்னொரு பக்கம். அட்ரினலின் இவை எல்லாவற்றுக்கும் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அணுக்களில் அது வந்து அமரும் இடங்களை ஏற்பிகள் என்கிறோம்; ஆல்பா ஏற்பிகள் வழியாக ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பீட்டா ஏற்பிகள் வழியாக இதயத் துடிப்பை வலுவாக்கி, மூச்சுக் குழல்களைத் திறந்து, காவல் அணுக்கள் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் நம் உடலே தயாரிக்கும் பொருள்தான் இது. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே 1901இல் இதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்.

தொடையின் வெளிப்புறத் தசையில் ரத்த ஓட்டம் மிகுதி. குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்ட அட்ரினலின் எட்டு நிமிடத்தில் ரத்தத்தில் உச்ச அளவை அடைந்தது. தோலுக்கு அடியில் போட்டதற்கு அரை மணிக்கு மேல் ஆனது. இடுப்பில் போட்டால் ஊசி பெரும்பாலும் கொழுப்பிலேயே நின்றுவிடும். பேண்ட்டின் மேலேயே போட்டதும் தவறில்லை. பொத்தான் கழற்றிக்கொண்டிருக்கும் நேரமில்லை அது.

அளவைப் பார்த்தால் உங்கள் பயம் தெளியும். பழுப்புக் கண்ணாடியாலான அந்தச் சிறிய ஆம்பூலில் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் மருந்து இருக்கும். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால்தான் அந்தப் பழுப்பு நிறம். ஒவ்வாமையில் பெரியவருக்கு அதில் பாதியைத் தசையில் போடுகிறோம். இதயம் நின்றவருக்கு முழு ஆம்பூலையும் சிரையில் செலுத்தி, மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கிறோம். மருந்து ஒன்றுதான், அளவும் வழியும் வேறு. இதயம் ஓடிக்கொண்டிருப்பவருக்கு அந்த முழு அளவை நேரே சிரையில் தள்ளினால் ஆபத்தாகும் என்பதால்தான், மருத்துவ உதவியாளர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இதயம் நின்ற நிலையில் அட்ரினலின் செய்வது நம்மில் பலர் நினைப்பதைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் இதயம் நின்ற 8,014 பேரிடம் ஆம்புலன்ஸ் பணியாளர்கள் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அட்ரினலின் பெற்றவர்களில் 3.2 சதவீதத்தினரும், உப்புநீர் மட்டும் பெற்றவர்களில் 2.4 சதவீதத்தினரும் முப்பது நாள் கழித்து உயிரோடு இருந்தார்கள். பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பிரிவில் 31 சதவீதம், மற்றதில் 17.8 சதவீதம். நின்ற இதயத்தை அந்த மருந்து கொஞ்சம் அதிகமாகவே ஓட வைக்கிறது. அதற்குள் பட்டினி கிடந்துவிட்ட மூளையை அதனால் மீட்க முடிவதில்லை. மூளையைக் காப்பது, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் நீங்கள் இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தீர்களா என்பதே.

கதண்டு விஷயத்தில் இன்னும் இரண்டு. ஏவில் ஊசி போட்டாயிற்று, போதும் என்று பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். ஏவில் அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. மயங்கியவர் கண் விழித்ததும் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்துவதும் கூடாது, ஏனென்றால் கசிந்து குறைந்துபோன ரத்தம் கால்களுக்கு இறங்கி, இதயம் காலியாக அடித்து நின்றுவிடலாம். படுத்தபடியே தூக்கிச் செல்ல வேண்டும்.

பாம்பு கடித்த என் தாயாருக்கு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றுவதற்கு முன்பு, தோலுக்கு அடியில் மிகச் சிறிய ஊசியொன்று போட்டார்கள். அதுவும் அட்ரினலின் என்று தாதி சொன்னா. ஒவ்வாமை வருவதற்கு முன்னமே எதற்கு?
– வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் நாட்டிலேயே கண்டறியப்பட்ட விடை இது. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதால் அதுவே கடும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். இலங்கை மருத்துவர்கள் 1,007 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே 0.25 மில்லிகிராம் அட்ரினலினைத் தோலுக்கு அடியில் போட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், ஒவ்வாமைக்குக் கொடுக்கப்படும் மற்ற மருந்துகளான ஹைட்ரோகார்ட்டிசோனும் ப்ரோமெத்தசினும் பயன் தரவில்லை. அவசரமில்லாத நேரத்தில் சிறிய அளவைத் தோலடியில் மெதுவாக ஊற விடுகிறார்கள். முந்தைய பதிலில் சொன்ன வேகம் இங்கே தேவையில்லை. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருந்துவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது என்பது இதனோடு சேர்த்து நினைத்துப்பார்க்கத் தக்கது.

சர்க்கரை நோயாளியான என் பாட்டி காலையில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். ஆம்புலன்ஸில் வந்த பெண், விரலில் குத்திப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி முடிவதற்குள் பாட்டி எழுந்து உட்கார்ந்து, “காப்பி போட்டியா?” என்று கேட்டார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றார். தேவைதானா?
– வாசகர், திண்டுக்கல்

தேவைதான். அவசர மருத்துவத்தில் இவ்வளவு பளிச்சென்று வேலை செய்யும் மருந்து வேறில்லை. அதனாலேயே ஏமாற்றவும் செய்கிறது.

மூளை மணிக்கு ஐந்து கிராம் அளவுக்குக் குளுக்கோஸை எரிக்கிறது. தனக்கென்று அது எதையும் சேமித்து வைப்பதில்லை. ரத்தத்தில் குறைந்தால் முதலில் எரிச்சலும் குழப்பமும், பிறகு வலிப்பும் மயக்கமும் வரும். 25 சதவீதக் கரைசல் 100 மில்லியில் 25 கிராம் குளுக்கோஸ், அதாவது ஐந்து தேக்கரண்டி சர்க்கரை அளவுக்கு இருக்கிறது. அது சிரை வழியாக உள்ளே போனதும், எண்ணெய் தீர்ந்த விளக்கில் எண்ணெய் ஊற்றியதுபோல் பாட்டி எழுந்துகொண்டார்.

ஆனால் சர்க்கரையை இறக்கியது எது? உங்கள் கடிதத்தின் கடைசியில் அவர் கிளிமிபிரைடு சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிளிமிபிரைடும் கிளிபென்கிளமைடும் கணையத்தைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயதானவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அந்த மாத்திரை ஒரு நாளுக்கு மேலும் உடலில் தங்கும். ஏற்றிய குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் செலவாகிவிடும். மாத்திரை அங்கேயே இருக்கும். போதாததற்கு, ஏற்றிய குளுக்கோஸே கணையத்தை மேலும் தூண்டும். காலையில் காப்பி கேட்ட பாட்டி மாலையில் மறுபடியும் மயங்குவார். அப்போது எல்லோரும் அவர் தூங்குகிறார் என்று நினைத்துவிடுவீர்கள். அந்தப் பெண்ணின் பிடிவாதத்துக்கு என் மரியாதை.

விழிப்பாக இருப்பவர் என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குப் போன சர்க்கரைத் தண்ணீரை எடுப்பதற்கு மருந்து கிடையாது.

வயலில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த என் மைத்துனருக்கு வாயில் எச்சில் வழிந்து, மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸிலும் பிறகு மருத்துவமனையிலும் அட்ரோபின் ஊசியை எண்ணிக்கையே இல்லாமல் போட்டார்கள். மறுநாள் அவர் சம்பந்தமில்லாமல் உளறினார். காற்றில் எதையோ பிடுங்கினார். மருந்தை அதிகமாகப் போட்டுவிட்டார்களா?
– வாசகர், பெரம்பலூர்

கொஞ்சம் அதிகமாகியிருக்கிறது. ஆனால் குறைவாகப் போட்டிருந்தால் அவர் உளறுவதற்கு இருந்திருக்க மாட்டார்.

நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் என்ற தூதுப் பொருள் சுரந்து, செய்தியைச் சேர்த்ததும் ஒரு நொதியால் உடனே துடைக்கப்படுகிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப் போடுகிறது. துடைப்பார் இல்லாததால் தூதுப் பொருள் தேங்கி, சுரப்பிகள் எல்லாம் மடை திறந்ததுபோல் சுரக்கின்றன. எச்சில், வியர்வை, கண்ணீர், வயிற்றுப்போக்கு ஆகியவை வெளியே தெரிபவை. ஆளைக் கொல்வது நுரையீரலுக்குள் ஊறும் நீர்தான். நோயாளி தரையில் படுத்தபடியே, தன் நீரில் தானே மூழ்குகிறார். இதயத் துடிப்பும் குறைகிறது. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது.

அட்ரோபின் விஷத்தை முறிப்பதில்லை. தேங்கிய தூதுப் பொருள் வந்து உட்காரும் ஏற்பிகளில் முந்திக்கொண்டு தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. எதிராளி எவ்வளவு பேர் என்று தெரியாததால் எத்தனை ஆம்பூல் வேண்டும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. இதயத் துடிப்பு குறைந்த சாதாரண நோயாளிக்கு மொத்தமே மூன்று மில்லிகிராம்தான் உச்சவரம்பு. பூச்சிமருந்து நோயாளிக்கு அந்த மூன்று மில்லிகிராம் வெறும் தொடக்கம். நம் ஊர் ஆம்பூலில் 0.6 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே முதலில் ஐந்து ஆம்பூல், ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் பத்து, அடுத்த ஐந்து நிமிடத்தில் இருபது. கால் மணிக்குள் முப்பத்தைந்து! ஒருவர் ஆம்பூல்களின் கழுத்தை ஒடித்துக் கொடுக்க, இன்னொருவர் உறிஞ்சிக்கொண்டே இருப்பார். விடியும்போது எவர்சில்வர் தட்டில் கண்ணாடித் துண்டுகள் குவிந்து கிடக்கும்; ஒடித்தவரின் கட்டைவிரலில் நிச்சயம் ஒரு கீறல் இருக்கும். என் விரலில் இன்றும் ஒரு தழும்பு உண்டு. ஆம்புலன்ஸில் இவ்வளவு ஆம்பூல்களை ஏற்றிச் செல்ல முடியாது என்பதால்தான் அவர்கள் கையிலிருப்பதைப் போட்டுக்கொண்டே அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைகிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை ஸ்டெதாஸ்கோப் சொல்லும். நெஞ்சில் நீர் கொப்பளிக்கும் ஓசை அடங்க வேண்டும், துடிப்பு 80க்கு மேல் வர வேண்டும், ரத்த அழுத்தம் தேற வேண்டும், அக்குள் காய்ந்திருக்க வேண்டும். அக்குளில் கைவைத்துப் பார்ப்பது பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும்; எந்த இயந்திரமும் வேண்டாத நல்ல பரிசோதனை அது. இந்த எல்லையைத் தாண்டினால் உடல் சுடும், தோல் வறளும், சிறுநீர் கட்டும், ஆள் காற்றில் நூல் பிடுங்குவார். ஊமத்தங்காய் தின்றவரைக் கிராமத்தில் பார்த்தவர்களுக்கு இது அடையாளம் தெரிந்திருக்கும். ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின் குடும்பத்து நஞ்சுகளே. அளவைக் குறைத்தால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

அட்ரோபினால் முடியாத காரியமும் ஒன்று உண்டு. சுரப்பிகளையும் இதயத்தையும் அது காக்கும். மூச்சுத் தசைகளில் உள்ள வேறு வகை ஏற்பிகளை அது தொடுவதே இல்லை. இரண்டாம் மூன்றாம் நாள், தேறிவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில், நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகலாம். அப்படித் தெரிந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்; அடுத்துத் தளர்வது மூச்சாக இருக்கும், வென்டிலேட்டர் தேவைப்படும். மருந்து நனைத்த சட்டையையும் லுங்கியையும் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதைச் செய்யாவிட்டால், தோல் வழியாக விஷம் ஏறிக்கொண்டே இருக்கும்போது நாம் ஆம்பூல் ஒடித்துக்கொண்டிருப்போம்.

மகனுக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம், உடனே நின்றும்விடும். சென்ற முறை நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் மிடசோலம் ஊசியைக் கையின் மேல்புறத் தசையில் போட்ட பிறகே நின்றது. சாவி ஏன் பலிக்கவில்லை?
– வாசகி, ஆரணி

சாவி எப்போதுமே பலித்ததில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே நிற்கும். நாம் சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்பது அரிது. மூளையில் ‘காபா’ என்ற பொருள் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் பிரேக். அது ஏற்பியில் அமரும்போது குளோரைடு அயனிகள் உள்ளே புகுந்து, அணுவைத் துடிக்க விடாமல் அடக்குகின்றன. மிடசோலம் அந்தப் பிரேக்கை அழுத்தமாகப் பிடிக்க வைக்கிறது. வலிப்பு நீள நீள அந்த ஏற்பிகள் அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுவதால், தாமதமாகக் கொடுத்த மருந்துக்குப் பிடிக்கப் பிரேக்கே இருக்காது.

இந்த மருந்தின் வேதியியல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆம்பூலுக்குள் அமிலத் தன்மையில் அதன் மூலக்கூறு வளையம் திறந்து, நீரில் கரையும் நிலையில் இருக்கிறது. உடம்புக்குள் போனதும், ரத்தத்தின் அமிலத்தன்மை மாறுபட்டதாக இருப்பதால் வளையம் மூடிக்கொண்டு, கொழுப்பில் கரையும் பொருளாகி மூளைக்குள் நுழைகிறது. இதே குடும்பத்து வலிப்பு மருந்தான டயசெபாமுக்கு இந்த வித்தை தெரியாது. தசையில் போட்டால் அது மெதுவாகவும் சீரில்லாமலுமே ஊறும். துடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில் சிரையைத் தேடிக்கொண்டிருப்பதைவிடத் தசையில் போடுவது சுலபம். 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆம்புலன்ஸ் ஆய்வில், தசையில் மிடசோலம் பெற்றவர்களில் 73 சதவீதத்தினருக்கு மருத்துவமனை சேரும்முன் வலிப்பு நின்றிருந்தது. அதே குடும்பத்து லோரசெபாமைச் சிரையில் பெற்றவர்களில் அது 63 சதவீதம்.

மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே இங்கேயும் கிடைக்கிறது. உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் மகனின் எடைக்கேற்ற அளவை எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து மூச்சையும் சற்று மந்தமாக்கும் என்பதால் கொடுத்த பிறகு பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பக்கவாதம் வந்த என் மாமாவுக்கு ஆம்புலன்ஸில் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. ஆஸ்பிரின்கூடவா இல்லை?
– வாசகர், ஆம்பூர்

இருந்திருக்கும்; கொடுக்காததுதான் சரி. பெரும்பாலான பக்கவாதங்கள் மூளைக் குழாய் அடைப்பதால் வருபவை, மற்றவை குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சி.டி. ஸ்கேன் மட்டுமே பிரித்துக் காட்டும். கசிவுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது நெருப்பில் நெய் ஊற்றுவதாகும். பிரஷர் 180 இருக்கிறதே என்று பிரஷரை இறக்கும் நிஃபெடிபின் மருந்தை நாக்குக்கு அடியில் வைக்கும் பழக்கமும் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அடைப்புக்கு அப்பால் தவிக்கும் மூளைக்கு அந்த உயர்ந்த அழுத்தம்தான் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதைச் சடாரென்று இறக்கக் கூடாது. ஆம்புலன்ஸில் செய்ய வேண்டியவை சர்க்கரை அளவைப் பார்ப்பதும், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதும், ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேரே போவதும் ஆகும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

விபத்தில் அடிபட்டவருக்கு “ரத்தத்தை உறைய வைக்கும் ஊசி” போட்டதாகச் சொன்னார்கள். அப்படி உறைய வைத்தால் இதயத்திலும் மூளையிலும் உறைந்துவிடாதா?
– வாசகர், மன்னார்குடி

டிரானெக்ஸாமிக் அமிலத்தைச் சொல்கிறீர்கள். ‘உறைய வைக்கும் ஊசி’ என்ற பெயர்தான் குழப்புகிறது. காயம்பட்ட இடத்தில் உடலே ஃபைப்ரின் என்ற நார்களால் அணை கட்டுகிறது. கூடவே, அந்த அணையைக் கரைக்கும் வேலையையும் உடலே தொடங்கிவிடுகிறது. பெருங்காயத்தில் அந்தக் கரைப்பு வரம்பு மீறுகிறது. நீங்கள் டெல்டாக்காரர், வரப்பைக் கட்டக் கட்ட நண்டு வளை தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மருந்து வரப்புக் கட்டுவதில்லை, நண்டின் காலைக் கட்டுகிறது. கரைக்கும் நொதியின் மூலப்பொருள் ஃபைப்ரினில் பற்றிக்கொள்ளும் கொக்கியில் இது போய் மாட்டிக்கொள்வதால், அந்த மூலப்பொருளால் நாரைப் பிடிக்க முடிவதில்லை.

ஜப்பானின் உதாகோ, ஷோசுகே ஒகமோதோ தம்பதியினர் 1962இல் அறிவித்த மருந்து இது. விபத்துக் காயங்களில் அதன் மதிப்பு தெரிய 2010 வரை ஆனது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட ‘கிராஷ்–2’ ஆய்வில் இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. நீங்கள் அஞ்சும் வேண்டாத உறைவுகள் கூடவில்லை. ஒரே நிபந்தனை, மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் கூடுதலாகவே இருந்தார்கள்.

ஆம்புலன்ஸில் என் அம்மாவின் கையில் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் ஏதோ எழுதினார்கள். மருத்துவமனை வாசலில், அசிங்கமாக இருக்கிறதே என்று நான்தான் பிய்த்துப் போட்டேன். ஏதும் தவறா?
– வாசகி, தாராபுரம்

கொடுத்த மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றைச் சில மருத்துவ உதவியாளர்கள் இப்படி எழுதி ஒட்டுவார்கள். வண்டியில் நிரப்பும் படிவத்திலும் அந்த விவரம் இருக்கும்; ஆனால் படிவம் ஒரு கையிலும் நோயாளி ஒரு படுக்கையிலும் இருக்கும் முதல் ஐந்து நிமிடத்தில், நோயாளியின் தோலில் ஒட்டியிருப்பதுதான் கண்ணில் படும். “மிடசோலம் 5, 2.40” என்று இரண்டு சொல் இருந்தால், 2.50க்கு இன்னொருவர் அதே மருந்தைத் திரும்பப் போட்டு மூச்சை நிறுத்திவிட மாட்டார். பணியில் இருக்கும் மருத்துவர் படித்து எழுதிக்கொள்ளும்வரை அந்தப் பிளாஸ்திரி அங்கேயே இருக்கட்டும். பிய்க்கும்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பிய்த்தால் வலிக்காது.